பேய்களுக்கு டோக்கன் கொடுத்தவன்

1

வியட்நாம் அரசாங்கம் என்னை ‘நிபுணர்’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வேலை அனுமதி அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. எதில் நிபுணர் என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை. போன வாரம் அட்டையை மறுபடி புதுப்பித்துக் கொடுத்தார்கள். பெருமையோடு கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். மனைவி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ரசச் சட்டியை இறக்கினாள். எங்கள் வீட்டில் நிபுணத்துவத்துக்கு அவ்வளவுதான் இடம்.

இந்த அட்டைக்காக என் பி.காம். சான்றிதழ் பட்ட பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். விருதுநகரில் நோட்டரி, சென்னையில் முத்திரை, டில்லியில் இன்னொரு முத்திரை, இங்கே வந்து மொழிபெயர்ப்பு, அதற்கு மேல் சிவப்பாக ஒரு முத்திரை. என்னைவிட அது அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது. வியட்நாம் மொழியில் பார்க்கும்போது நான் முதல் வகுப்பில் தேறியவன் போலவே தோன்றுகிறது. ஊரில் இருக்கும் என் வாத்தியார்கள் யாரும் இந்த மொழி படிக்கக்கூடாது என்பதே என் பிரார்த்தனை.

காகிதத்தில் இந்த ஊர் ஹோ சி மின் நகரம். வாயில் எல்லாருக்கும் சைகோன்தான். எனக்கும் அப்படித்தான், உச்சரிக்க முடிகிற வார்த்தை கிடைத்தால் விடக் கூடாது. மற்றபடி இந்த மொழியில் வாயைத் திறப்பதே கம்பி மேல் நடக்கிற வேலை. ‘நான்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. எதிரில் இருப்பவருக்கு நாம் தம்பியா, அண்ணனா, சித்தப்பாவா என்று முடிவு செய்துகொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும். வார்டு அலுவலகத்தில் மரியாதை என்று நினைத்து ஓர் இளம் பெண்ணை ‘அத்தை’ என்று அழைத்துவிட்டேன். அன்று என் கோப்பு அடியிலிருந்து மேலே வர மதியமாகிவிட்டது.

2

நான் வேலை பார்ப்பது விருதுநகர் மிளகு வியாபாரக் குடும்பம் ஒன்றின் சைகோன் கிளையில். மேட்டு நிலத் தோட்டங்களிலிருந்து மிளகு மூட்டையாக வரும். அதில் கல் பொறுக்கி, குச்சி நீக்கி, தூசி ஊதி, தரம் பிரித்துக் கப்பலேற்றுவோம். ஹோக் மோன் பக்கம், ஒரு நீளமான சந்தின் கடைசியில் எங்கள் கொட்டகை. சந்து என்றால் நம் ஊர்ச் சந்து மாதிரிதான்: ஒரு பக்கம் காப்பி வண்டி, ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் பட்டறை, நடுவில் ஓடுகிற குழந்தைகள், எல்லார் வீட்டுப் பேச்சும் எல்லாருக்கும்.

எங்கள் கொட்டகை வந்த பிறகு அந்தச் சந்துக்குப் பொதுவாக இன்னொன்றும் கிடைத்தது: தும்மல். மிளகை ஊதும் நாட்களில் காற்று திரும்பினால் போதும், முதல் வீட்டில் ஆரம்பித்துக் கடைசி வீடு வரை வரிசையாகத் தும்முவார்கள். நான் காரிலிருந்து இறங்கும்போது யாராவது தும்மினால் அதை வரவேற்பாகவே எடுத்துக்கொண்டேன்.

குவாங் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். பிள்ளைகள் கிடையாது, கொண்டைக்குருவிகள் உண்டு. காலையில் கூண்டுகளைத் துணி விலக்கி வாசல் கொடியில் மாட்டிவிட்டு, பனிக்கட்டி போட்ட காப்பியோடு உட்கார்ந்து அவை பாடுவதைக் கேட்பது அவருடைய அன்றாடம். மிளகுத் தூசியில் குருவிகள் பாட்டை நிறுத்திவிட்டன என்பது அவருடைய புகார். தொழிற்சாலை வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருந்தார்.

கையெழுத்துப் போடாத வீடு ஒன்று உண்டு, தாம் அக்காவுடையது. தாம் என்றால் எட்டு. தெற்கு வியட்நாமில் முதல் பிள்ளையை ‘இரண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக எட்டு என்பவர் ஏழாவது பிள்ளை. (இது புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பி.காம்.) எங்கள் தரம் பிரிக்கும் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. என்னைவிட மூத்தவர் என்பதால் மேலாளர் என்றெல்லாம் பார்க்காமல் தம்பி என்றே கூப்பிடுவார். எங்கள் கொட்டகையிலிருந்து மூன்றாவது வீட்டில் அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பதினொன்றரைக்கு மணி அடித்ததும் தாம் அக்கா முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். கணவரைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி கொடுத்து, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மதிய வேலைக்குத் திரும்பிவிடுவார். நடந்து போகிற தூரத்தில் இருப்பதால்தான் அவருக்கு இந்த வேலை, இல்லாவிட்டால் இல்லை.

3

ஒருநாள் விருதுநகரிலிருந்து அண்ணாச்சியின் போன். எங்கள் முதலாளி.

“கணேசா, சி.எஸ்.ஆர்.னு ஒண்ணு சொல்றாங்களே, நாம செய்றோமா?”

“செய்றோம் அண்ணாச்சி.”

“என்ன செய்றோம்?”

“அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஐரோப்பாவில் எங்கள் மிளகை வாங்குகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி முதலாளிக்கு மட்டும் பதில் சொன்னால் போதாதாம். தொழிலாளி, விவசாயி, வாங்குகிறவர், அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டுமாம். அதில் அக்கம்பக்கம் என்ற இடத்தில் அண்ணாச்சி நின்றுவிட்டார். கையெழுத்து வேட்டை அவர் காதுக்கும் போயிருந்தது.

“அங்கன உள்ளவுங்க நம்மள வேணாம்னா வேணாம்யா. லாங் ஆன்ல தொழிற்பேட்டைல எடம் பாத்து வச்சிருக்கேன். தீபாவளிக்கு முந்தி மாத்திருவோம். வேணும்னாங்கன்னா இருப்போம். எதா இருந்தாலும் நான் வந்து என் கண்ணால பாக்கணும்.”

லாங் ஆனுக்குக் கம்பெனி வேன் விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகுதான் திரும்பும். இதைத் தாம் அக்காவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, கையிலிருந்த சல்லடையைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அப்ப மதியத்துல அவருக்கு யாரு கஞ்சி குடுப்பா தம்பி? நான் நின்னுக்கிறேன். வேற ஆள் பாத்துக்கோங்க.” அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சந்து நம் பக்கம் இருக்கிறது என்று அண்ணாச்சிக்குக் காட்டியாக வேண்டும். எப்படி? இங்கேதான் என் ஊர் அனுபவம் கைகொடுத்தது, அதாவது கழுத்தைப் பிடித்தது.

விருதுநகரில் கம்பெனியின் சமூகப் பொறுப்பு முழுவதும் ‘உபயம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கியிருந்தது. கோவில் ட்யூப்லைட்டில் எங்கள் பெயரைப் பெயின்டில் எழுதியதில் வெளிச்சம் பாதிதான் வெளியே வரும். பெயர் முழுசாகத் தெரியும். பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனி அன்னதானம் போடும்போது கயிறு கட்டி, டோக்கன் கொடுத்து, வரிசையை ஒழுங்கு செய்கிற பொறுப்பு என்னுடையது. கம்பில் கயிற்றை எந்த உயரத்தில் கட்டினால் தாண்ட முடியாது, குனிந்தும் நுழைய முடியாது என்பது எனக்கு அத்துப்படி. என் அட்டையில் நிபுணர் என்று போட்டிருப்பதற்கு உண்மையான ஆதாரம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

அண்ணாச்சி வருகிற நாளைக் கணக்குப் பார்த்தேன். நிலாக் கணக்கில் ஏழாம் மாதப் பௌர்ணமி. அன்றைக்கு நரகத்தின் கதவு திறந்து, சோறு வைக்க ஆளில்லாத ஆவிகளெல்லாம் தெருவில் அலையும் என்று இங்கே நம்பிக்கை. ஒவ்வொரு கடையும் கம்பெனியும் வாசலில் மேஜை போட்டு அவற்றுக்குப் படையல் வைக்கும். எங்கள் கொட்டகைப் பெண்களும் வருடா வருடம் வைப்பார்கள். ‘பூஜைச் செலவு’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பௌர்ணமிக்கு ஆறு பொங்கிச் சாலையில் வெள்ளம் ஏறுவதற்குள் நான் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். படையல் முடிந்ததும் நம் ஆயுத பூஜைப் பொரி மாதிரி எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பத்து வருடத்துக்கு மேல் இருந்தும் யாரிடமும் கேட்கவில்லை. நிபுணர்கள் கேட்பதில்லை.

இந்த வருடம் படையலைப் பிரமாதமாக விரிவுபடுத்தினேன். கம்பெனி பெயர் அச்சடித்த பள்ளிப் பைகள், அரிசி, எண்ணெய். ‘எங்கள் சமூகத்தோடு நாங்கள்’ என்று இரண்டு மொழியில் பெரிய பேனர். வீட்டுக்கு ஒரு டோக்கன். கயிறு.

4

டான் சோன் நாட் விமான நிலையத்தில் அண்ணாச்சியை வரவேற்று, டோங் டு பள்ளிவாசல் பக்கத்தில் அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு மீன் குழம்புச் சாப்பாடு போட்டுக் கொட்டகைக்குக் கூட்டிவந்தபோது மாலை நாலு மணி. வாசலில் மேஜை நிறைந்திருந்தது: கஞ்சி, உப்பு, அரிசி, பொரி, வள்ளிக்கிழங்கு, கரும்புத் துண்டுகள், மிட்டாய், நடுவில் ஒரு வேகவைத்த முழுக்கோழி. அதற்கு முன்னால் என் கயிறு, இரண்டு பக்கமும், பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக. தாம் அக்கா ஊதுபத்திகளை ஏற்றி வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். படம் எடுக்க என் மகள் யாழினியைப் பிடித்துப் போட்டிருந்தேன். பதின்மூன்று வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் வியட்நாம் மொழியில் பதில் சொல்கிற பருவம். ‘ஏன்’ என்று திட்டினால் தமிழில் ‘சும்மா’ என்பாள்; அந்த ஒரு சொல்லை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறாள் என்று என் மனைவி பெருமூச்சு விடுவாள்.

நான் ஒலிபெருக்கியில் அழைத்தேன். யாரும் வரவில்லை.

சந்து முழுக்க ஆட்கள் இருந்தார்கள். வாசற்படிகளில், பிளாஸ்டிக் முக்காலிகளில், மோட்டார் சைக்கிள்கள் மேல். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கயிற்றுக்குள் காலை வைக்கவில்லை. குவாங் தன் கூண்டுகளுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏன்யா, டோக்கன் குடுத்தியா?” என்றார் அண்ணாச்சி.

“வீட்டுக்கு வீடு குடுத்தேன் அண்ணாச்சி.”

“அப்புறம் ஏன் ஒருத்தனும் வரல? நம்ம ஊர்ல இந்நேரம் கயித்த அத்துருப்பான்.”

நேரம் போயிற்று. ஊதுபத்தி பாதியாயிற்று, முக்காலாயிற்று. அண்ணாச்சி சந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். “சரிப்பா. இதுலயே தெரியுதே. இவுங்களுக்கு நம்மள வேணாம். லாங் ஆனுக்குப் பேசிருவோம்,” என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் தமிழில்தான் சொன்னார். ஆனாலும் ‘லாங் ஆன்’ என்ற வார்த்தை கேட்டதும் தாம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதிசயமாகத் தமிழில் பேசினாள்.

“அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? பேய்க்கு வச்சதை எதாவது லூசு லைன்ல நின்னு வாங்குமா?”

“பின்னே எப்படி வாங்கணும்?”

“வாங்கக் கூடாது. பறிக்கணும்! ஊதுபத்தி முடியுறப்ப எல்லாரும் பாஞ்சு பறிப்பாங்க. நிறைய பறிச்சாத்தான் கம்பெனிக்கு நல்லது. யாருமே தொடலைன்னா ரொம்ப மோசம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வருஷா வருஷம் நம்ம அபார்ட்மென்ட் பின்னாடி பறிக்கிறேனே.”

வருடா வருடம் பையில் கரும்பும் மிட்டாயுமாக வருவாள். பிறந்தநாள் விருந்துக்குப் போய் வந்திருக்கிறாள் என்று நினைத்து, எந்தக் குழந்தைக்கு இத்தனை பிறந்தநாள் என்று நானும் மனைவியும் யோசித்ததுண்டு.

“சரி, எல்லாரையும் பறிக்கச் சொல்லு.”

“சொன்னா பறிக்க மாட்டாங்கப்பா. அய்யோ!” என்றவள் திரும்பி, கேமரா போனை அண்ணாச்சி கையில் திணித்தாள். “தாத்தா, கொஞ்சம் பிடிங்க.”

கடைசி ஊதுபத்தியின் சாம்பல் உதிர்ந்தது. என் மகள் கயிற்றைத் தாண்டினாள். நிபுணர் கட்டிய கயிறு அது. அவள் ஒரே தாவலில் தாண்டி, இரண்டு கையாலும் மிட்டாய்த் தட்டை வாரிக்கொண்டு, அவர்கள் மொழியில் ஏதோ கத்தினாள்.

5

அதற்குப் பிறகு நடந்ததை எழுத என்னிடம் போதுமான வினைச்சொற்கள் இல்லை.

சந்தே எழுந்து வந்தது. குழந்தைகள் மேஜைக்கு அடியில் நுழைந்தார்கள். காப்பி வண்டிக்காரப் பெண் கரும்புக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பட்டறைப் பையன்கள் பொரியை வாரி இறைத்துச் சிரித்தார்கள். பள்ளிப் பைகள் போன திசை தெரியவில்லை. ஒருவர் கம்பைப் பிடுங்கினார், இன்னொருவர் கயிற்றைச் சுருட்டினார். இரண்டு பேர் ஏணி போட்டுப் பேனரையே கழற்றினார்கள். நல்ல தடித்த தார்ப்பாய், கூரைக்கு ஆகும். ‘எங்கள் சமூகத்தோடு நாங்கள்’ இப்போது யார் வீட்டு மழையையோ தடுத்துக்கொண்டிருக்கிறது. நான் செய்த சமூக சேவையில் உருப்படியானது அதுதான்.

இந்த அமளிக்கு நடுவில் குவாங் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பேருந்து ஓட்டிய தோள்கள். யாரையும் இடிக்காமல் வளைந்து புகுந்து, முழுக்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சந்து கைதட்டியது.

அண்ணாச்சி போனை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். யாரோ அவர் கையிலும் ஒரு கரும்பைச் செருகியிருந்தார்கள்.

“கணேசா… யாருய்யா அந்தப் பொண்ணு? எங்கிட்ட போனைத் திணிச்சிட்டு மொதல்ல பாஞ்சது? காட்டுப்பூனை கணக்கா?”

“நம்ம பொண்ணுதான் அண்ணாச்சி.”

“ஒம் மகளா?” என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

கோழியோடு குவாங் நேராக எங்களிடம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. யாழினியைக் கூப்பிட்டு, சொல் என்பது போல் எங்களைக் காட்டினார். அவள் வாயில் மிட்டாயோடு மொழிபெயர்த்தாள்.

“தாத்தா சொல்றாரு, பறிச்சுட்டாராம். உங்க மேஜையில கை வச்சுட்டாராம். அதனால இனிமே அவரு உங்களோட பேசலாமாம்.”

“பேசச் சொல்லும்மா,” என்றார் அண்ணாச்சி.

“ஸ்கூல் பேக் அவருக்கு வேணாமாம். பிள்ளையே இல்லையாம். இந்த ஆளு,” என்று என்னைக் காட்டி, “அதாவது எங்கப்பா, தினமும் கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உள்ள போயிடுவாராம். தூசியை நிறுத்தினா போதுமாம். குருவி பாடணுமாம்.”

“கம்பெனி போகணும்னு கையெழுத்து வாங்குறாராமே?”

யாழினி கேட்டாள். குவாங் தாம் அக்கா இருந்த பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“தூசி போகணும்னுதான் ஆரம்பிச்சாராம். யாரும் காது குடுக்கலையாம். அதுக்கப்புறம்தான் கம்பெனி போகணும்னு எழுதினாராம்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றிருந்தது. “தூசி உறிஞ்சுற மிஷினு ஒண்ணு கேட்டா நான் குடுத்துருக்க மாட்டனா? பை அச்சடிச்சிருக்க!”

நான் கையிலிருந்த ஒலிபெருக்கியை அணைத்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்குப் போகும் வழியில் யாழினியிடம் கேட்டேன், வரிசையில் கொடுத்தால் என்ன தப்பு என்று. “லைன்ல நின்னா நீங்க குடுக்குறவங்க, அவங்க பிச்சை எடுக்குறவங்க. பறிச்சா யாரும் யாருக்கும் தாங்க்ஸ் சொல்ல வேண்டாம்ல?” என்றுவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அவள் எங்களை விட்டு எவ்வளவோ தூரம் போய்விட்டாள் என்று நானும் மனைவியும் அடிக்கடி புலம்புவோம். அவள் போன இடம் பரவாயில்லை போலத்தான் இருக்கிறது.

6

மறுநாள் காலை அண்ணாச்சி தனியாகச் சந்தில் நடந்தார். குவாங் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து அவர் கொடுத்த காப்பியைக் குடித்தார். காற்று திரும்பியபோது இருவரும் சேர்ந்து தும்மினார்களாம். போவதற்கு முன் பேச்சு முடிவாயிற்று: தூசி உறிஞ்சும் இயந்திரம் வரும், சந்துப் பக்கத்து ஜன்னல்கள் அடைபடும். குவாங்கும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தார். அவருடைய குருவிகளில் ஒன்றை எங்கள் கொட்டகை வாசலிலேயே மாட்டுவார். அது பாடினால் மனுவை வாபஸ் வாங்குவார். பாடாவிட்டால் லாங் ஆன்.

“பாடலைன்னா போயிருவோம். ஒப்புக்கிட்டேன்,” என்று அண்ணாச்சி கைகொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

இயந்திரம் வந்து பொருத்தினோம். கூண்டு வந்து தொங்கியது. எத்தனையோ தணிக்கையாளர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறேன். இந்தத் தணிக்கையாளர் வெட்டுக்கிளி மட்டும்தான் சாப்பிட்டார். குச்சியில் உட்கார்ந்து கொண்டையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பாட்டு இல்லை. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தோம், கூட்டினோம். தரையில் தண்ணீர் தெளித்தோம். நான் விசிலடித்துக் காட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேலைக்கு வரும் பெண்கள் எல்லாரும் கூண்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார்கள். தாம் அக்கா மட்டும் பார்க்க மாட்டார். பார்த்தால் கெட்டுப்போகும் என்பது போல் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஒரு நாள் மிளகு ஊதிக்கொண்டிருந்தோம். மதிய மணி அடித்து இயந்திரங்கள் ஓய்ந்தன. தாம் அக்கா முகக்கவசத்தைக் கழற்றியபடி வாசலுக்கு வந்தார். அப்போது அது பாடியது. முதலில் பாதி. பிறகு, சரி போகட்டும் என்று நினைத்தது போல், முழுசாக.

யாரும் அசையவில்லை. குவாங் தன் வீட்டிலிருந்து ஒரு செருப்போடு ஓடிவந்து நின்றார். தாம் அக்கா கூண்டின் கீழேயே நின்றுவிட்டார். அது இரண்டாம் முறை பாடி முடித்த பிறகுதான் நகர்ந்தார்.

“குவாங் அண்ணே, ஒங்க குருவிக்குச் சம்பளம் கேக்கலையா?” என்றார் போகிற போக்கில்.

“மிளகு தின்னு பழகிடுச்சும்மா, இனி அது கம்பெனி ஆளு,” என்றார் குவாங்.

தாம் அக்கா வீட்டுக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே அவர் கணவர் குழறலாக ஏதோ கேட்டார், ஏன் இவ்வளவு நேரம் என்று இருக்க வேண்டும்.

“பாட்டுக் கேட்டுட்டு வந்தேங்க. வாயைத் திறங்க, கஞ்சி ஆறுது,” என்றார் தாம் அக்கா.

நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். அங்கிருந்தே அது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது.